அமெரிக்கப் படைக்கு நட்ட கன்னிக்கால்

ஓய்வு எடுத்து வீட்டில் சும்மா இருந்தவளைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த எங்களுக்கு ஏதும் புத்தி சொல்லுங்கோ அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தி என்னிடம் அவ்வளவாக இல்லை. பிழை வேண்டுமானால் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதில் நல்லதாக ஒன்றை எடுத்துத் தருகிறேன்.

நம் தொழிலை வெளியாட்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது பெரும் பாடு. என் மச்சாள் இன்றுவரை நான் பஸ் தரிப்புப் பலகை நட்டேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அமெரிக்கா பிறந்த புதிதில், மொன்றியலையும் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்று ஒரு படை வந்தது. வந்தது, குளிரில் விறைத்தது, அம்மை வந்து படுத்தது, வந்த வழியே ஓடியது. பிறகு கொஞ்சக் காலம் கழித்து இன்னொரு தரமும் வந்து பார்த்தார்கள், அதுவும் சரிவரவில்லை. அவர்கள் நின்ற இடம், படுத்த இடம், பயந்த இடம் எல்லாவற்றுக்கும் வீதியோரம் ஒரு கம்பம் நட்டு, அதில் வரலாறு எழுதிய பலகை பூட்டுவதுதான் நம் வேலை. ஓடினவர்களுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

என்னை வெளிவேலைக்குத் தலைமையாகப் போட்டு மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒன்பது வருடம் சென்ட் லோரன்ட் பட்டறையில் பலகை தேய்க்கும் அறையில் கிடந்தேன். யன்னல் இல்லாத அறை. மூக்குக்குள் சீடர் மரத்தூள், காதுக்குள் சீடர் மரத்தூள். நான் பிழிகிற இடியப்பத்திலும் சீடர் மணக்கிறது என்று என் மனுசன் கோப்பையைத் தள்ளி வைத்த நாளும் உண்டு. வெளியே போய் வெயில் பட வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த அறைக்குள் ஒரு நாள் நின்று பார்த்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

முதலாளி அதிகம் கதைக்காத கியூபெக்காரர். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பியர்பொன்ட்ஸ் ஆற்றோரம் ஒரு பலகை நட வேண்டும். சனிக்கிழமை பதினொரு மணிக்குத் திறப்பு விழா. பிழையில்லாமல் நடந்தால் வெளிவேலை வண்டியின் சாவி நிரந்தரமாக என்னுடையது. பிழைத்தால் திரும்பவும் தேய்க்கிற அறை. எனக்கு அந்தச் சாவிதான் கனவிலும் வந்தது.

வியாழக்கிழமை காலை நானும் டிரைவரும் கம்பத்தை ஏற்றிக்கொண்டு போனோம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: முதல் நாள் கம்பம், மறுநாள் பலகை. நகரசபைக்காரர் முன்கூட்டியே குழி தோண்டி வைத்திருப்பார்கள். வேலைத் தாளில் சொன்ன வளைவுக்குக் கிட்டப் போனோம். வீதியைத் தொட்டுக்கொண்டு, ஒரு வீட்டுப் புல்தரையின் மூலையில், வடிவாக ஒரு குழி.

நகரசபைக் குழியைச் சுற்றிச் செம்மஞ்சள் வர்ணம் அடித்திருக்கும். இது மஞ்சளாக இருந்தது. செம்மஞ்சள் முடிஞ்சு போச்சாக்கும் என்று நினைத்தேன். குழிக்குள் கொஞ்ச அரிசி, உழுந்து, பயறு கிடந்தது. “குருவிக்குப் போட்டிருக்கிறார்கள்” என்றார் டிரைவர். நல்ல சனம், என்றேன் நான். ஆழமும் பற்றாது. நகரசபைக்காரரின் சோம்பலை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, நாங்களே இன்னும் நாலடி கிண்டி, கம்பத்தை இறக்கி, சரளைக்கல் போட்டு இறுக்கி, மட்டம் பார்த்துவிட்டு வந்தோம்.

கேளுங்கள் பிள்ளைகள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். என் சொந்தக் கலியாணத்தில் கன்னிக்காலைச் சுற்றிவந்து தண்ணீர் ஊற்றியவள். மஞ்சள் தண்ணி தெளித்து, நவதானியம் போட்ட குழியைக் கண்ணாலே கண்டும் எனக்கு மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை. மண்டை முழுக்கச் சாவி.

உங்களில் தெரியாத ஆட்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடைய கலியாண வீட்டில், நல்ல நேரம் பார்த்து வடகிழக்கு மூலையில் ஒரு கால் நடுவார்கள். அதுதான் கன்னிக்கால். ஊரில் என்றால் முள்முருக்கு. இங்கே முள்முருக்குக்கு எங்கே போவது, ஒரு மேப்பிள் கொப்பை வெட்டி ஒப்பேற்றிவிடுவார்கள். நட்டுப் பூசை செய்துவிட்டால், கலியாணம் முடிந்து, நாலாம் நாள் செய்கிற நாலாம் சடங்கும் முடியும்வரை அதை ஒருவரும் அசைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை பலகையோடு போய் இறங்கினேன். என் கம்பம் மஞ்சள் துணி கட்டி, மாவிலை கட்டி, மாலை போட்டு, நெற்றி மாதிரி ஓரிடம் பார்த்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றது. அடியில் பால் ஊற்றின ஈரம். அப்போதுதான் பார்க்கிறேன், வீதிக்கு எதிர்ப்புறம், ஆற்றுப் பக்கம், ஒரு ஒட்டுப்பலகையால் மூடிய குழி. சுற்றிப் பளிச்சென்று செம்மஞ்சள்.

வீட்டுக்குள்ளிருந்து மணப்பெண்ணின் தாய் வந்தார். கையில் பலகாரத் தட்டு.

“ஆர் பிள்ளை நீங்கள்? கலியாண வீட்டுக்கே வந்தனீங்கள்?”

“இல்லை அக்கா. இந்தக் கட்டை எங்கட. பிழையா நட்டுப்போட்டம். கழட்டிக்கொண்டு போக வந்தனான்.”

தாய் தட்டைப் புல்லில் வைத்தார். “என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? உது என்ர மகளின்ர கன்னிக்கால். என்ர தம்பி நட்டது. டேய் தம்பி, இஞ்சை வா!”

தம்பி வந்தார். மணப்பெண்ணின் தாய்மாமன். ஐம்பத்தைந்து வயது, புதுச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. கன்னிக்காலுக்குக் கொப்பு கொண்டுவருவது அவருடைய பொறுப்பு. வியாழக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு முதல் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, ஆள் பத்தரைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார். வீட்டுச் சனம் உள்ளே பலகார வேலையில் இருந்து எங்களைக் காணவில்லை. அவர் வந்து பார்த்தால், ஒருவரும் எதிர்பாராத மாதிரி, எட்டடிச் சீடர் கம்பம் மட்டம் பார்த்து நிற்கிறது. சனம் முழுக்க அவரைச் சுற்றி நின்று, பார்த்தியா, தாய்மாமன் எண்டால் இப்பிடி எல்லோ இருக்க வேணும், என்று புகழ்ந்திருக்கிறது. அவர் மறுக்கவில்லை.

“நீதானே நட்டனி?” என்று தாய் கேட்டார்.

“ஓம் ஓம், நான்தான்” என்று சொல்லிக்கொண்டே அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து இரண்டு கையையும் கும்பிட்டார்.

நான் விடவில்லை. கம்பத்தின் பக்கத்தில் எங்கள் பட்டறை சுட்டிருந்த இலக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். தாய் கிட்டக் குனிந்து பார்த்தார். “இதென்னடா நம்பர்?”

“நல்ல மரத்துக்கு நம்பர் போட்டுத்தான் விப்பாங்கள் அக்கா” என்றார் மாமன். பொய்யாவது ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுசன்.

தாய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமனுடைய காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். உள்ளே, இலையெல்லாம் வாடிச் சுருண்டு, ஒரு மேப்பிள் கொப்பு.

அந்த இடத்தில் மாமனுக்கு விழுந்த பேச்சை நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேசி முடித்த பிறகும் தாய் கட்டையைத் தரவில்லை. ஐயருக்குப் போன் எடுத்தார். ஐயர் சொன்னதை எனக்கும் கேட்கிற மாதிரிப் போட்டார். “பூசை கண்ட கால், கால்தான். எந்தக் கொம்பனியின்ர எண்டு சாமி பார்க்காது. அசைச்சுப்போடாதேங்கோ.” தாயின் கண் கலங்கிவிட்டது. “பிள்ளை, உமக்குப் பொம்பிளைப் பிள்ளை இருக்கோ? ஞாயிற்றுக்கிழமை என்ர பிள்ளைக்குத் தாலி. இப்ப காலைப் பிடுங்கினால் நான் சாகுமட்டும் இதையே நினைச்சுக்கொண்டு இருப்பன்.”

எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். சாவியும் வேண்டும். நின்ற நிலையில் எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

இனிச் சொல்வதுதான் என் உண்மையான பிழை. குழி மாறியது சின்னப் பிழை, ஆருக்கும் வரும். அன்றைக்கே முதலாளிக்குப் போன் எடுக்காததுதான் பெரிய பிழை. எப்படியும் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். பட்டறையில் வேறு கம்பம் தேடினேன், பலகை பொருந்துகிற காடி வெட்டின கம்பம் இல்லை. டிரைவர், பலகையை இரண்டு ஹொக்கி மட்டையில் கட்டிப் பார்ப்போமா என்றார். கட்டியும் பார்த்தோம். அவ்வளவு கேவலத்துக்குப் போய்விட்டோம்.

சனிக்கிழமை பத்து மணிக்கே முதலாளி வந்துவிட்டார். கூட வரலாற்றுச் சங்கத் தலைவி. எண்பதைத் தொடுகிற அம்மா, பெரிய தொப்பி, சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. பின்னால் அந்தக் காலத்துப் படைவீரர் வேடம் போட்ட ஆறு பேர், துவக்கும் மேளமுமாக. எதிர்ப்புறம் வெறும் குழி. இந்தப் பக்கம் மாலை போட்ட கம்பம்.

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்குப் பிரெஞ்சு, தமிழ், இங்கிலிஷ் மூன்றும் ஒரே நேரத்தில் மறந்து போனது. கையை நீட்டிக் கம்பத்தைக் காட்டினேன், பிறகு குழியைக் காட்டினேன், பிறகு என்னைக் காட்டினேன். அதுதான் என் வாக்குமூலம்.

நல்ல காலத்துக்கு மணப்பெண் வெளியே வந்தாள். முகம் முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. தலைவி அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்: கால், பூசை, மாமன், கொப்பு, ஐயர். தலைவி அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த வழக்கம் எவ்வளவு பழையது?

மணப்பெண் தாயிடம் கேட்டாள். தாய் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஆருக்கு அம்மா தெரியும்? அமெரிக்காவுக்குப் பேர் வைக்க முந்தியே இருக்குதெண்டு சொல்லு.”

தலைவி அம்மா தொப்பியைச் சரிசெய்தார். தன் வாழ்நாள் முழுக்கப் பழைய பொருளை இடம் மாற்றாதே என்று நகரசபையோடு சண்டை பிடித்த மனுசி அவர். “அப்படியென்றால் இதை அசைக்க முடியாது” என்றார். முதலாளி மெல்லிய குரலில், ஆனால் படை போனது எதிர்ப்பக்கம் அல்லவா, என்று இழுத்தார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பயந்து ஓடுகிறவர்கள் கோடு கிழித்தா ஓடுவார்கள்? முப்பது அடி இந்தப் பக்கமும் ஓடியிருப்பார்கள். புதன்கிழமை சடங்கு முடிந்ததும் எடுத்து அங்கே நடுங்கள். விழா இங்கே நடக்கட்டும்.”

நான் அந்தத் தொப்பியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சாத குறை.

அப்படியே நடந்தது. மாவிலைக்குக் கீழே பலகையைப் பூட்டினோம். தாய் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: கன்னிக்காலுக்குக் கிட்ட ஒருவரும் சப்பாத்தோடு வரக் கூடாது. ஆறு படைவீரர்களும் புல்தரையில் குந்தியிருந்து, முழங்கால் வரை ஏறின சப்பாத்துகளைக் கழற்ற முடியாமல் ஒருவர் காலை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். ஒருவருக்குக் காலுறையில் பெருவிரல் அளவு ஓட்டை. பலகையை மூடியிருந்த சீலையை விலக்கும்போது மேளம் அடித்து, துவக்கால் வெடி வைத்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து பெண்டுகள் எல்லாம் ஓடிவந்து, “கன்னிக்காலுக்கு வெடியும் வைச்சிருக்கினம், பாருங்கோவன்!” என்று மகிழ்ந்து, படைவீரர்களுக்குப் பயற்றம் பணியாரம் கொடுத்தார்கள். போகும்போது முதலாளி வண்டிச் சாவியை என் கையில் வைத்தார். நான் அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை, நன்றாகவே அழுதேன்.

இதோடு கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

புதன்கிழமை பின்னேரம், நாலாம் சடங்கு முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து வண்டியில் போனேன். புல்தரை மூலையில் கம்பம் இல்லை. புது மண் போட்டு மூடியிருந்தது. தாய்மாமன் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“மாமா, கட்டை எங்கை?”

“சடங்கு முடிஞ்சுது பிள்ளை. முறைப்படி ஆத்தில விட்டாச்சு.”

“என்ன?!”

“கலியாணம் முடிஞ்சால் கன்னிக்காலைத் தண்ணியில விடுறதுதானே. நட வேண்டிய நேரத்தில பிந்திப்போனன் எண்டு அக்கா இன்னும் பேசுறா. அதுதான் இந்த முறை ஒரு நிமிசமும் பிந்தேல்லை. மாப்பிளையின்ர சினேகிதப் பொடியள் நாலு பேரைப் பிடிச்சு, கிண்டி எடுத்து, நானே முன்னுக்கு நிண்டு விட்டனான்.”

“பலகை?”

“அதோடைதான். பூசை கண்ட சாமானைப் பிரிக்கலாமே?”

வாழ்நாளில் முதல் தடவை அந்த மனுசன் சொன்ன நேரத்துக்கு ஒரு வேலையைச் செய்திருக்கிறார். அதுவும் என் தலையில். நான் ஆற்றங்கரைக்கு ஓடினேன். அங்கே ஒரு தாராக் கூட்டம் நீந்திக்கொண்டிருந்தது. யுத்தத்தைக் காணவில்லை.

சாவி என் பையில் இருந்தது. இன்னும் ஒருவருக்கும் தெரியாது. தேய்க்கிற அறையில் இருக்கிற பழைய சினேகிதியைப் பிடித்து, ஒரு கிழமையில் களவாக இன்னொரு கம்பமும் பலகையும் செய்துவிடலாம். செய்யக்கூடிய ஆள்தான் நான். ஆற்றையும் சாவியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை இரவு ஹொக்கி மட்டையோடு நின்ற என் கோலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சீ, இனி ஏலாது என்று முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

“கம்பம் ஆற்றில் போய்விட்டது. பலகையும் சேர்ந்து. சற்று முன்னர்தான்.”

முதலாளி கேட்டார்: “எந்தப் பக்கமாகப் போகிறது?”

“கிழக்கே.”

“சாவி உன்னிடம்தானே இருக்கிறது? ஓடு.”

ஓடினேன். மாமனையும் இழுத்து ஏற்றிக்கொண்டேன். ஆற்றோர வீதியில், தண்ணி தெரிகிற இடமெல்லாம் வண்டியை நிற்பாட்டுவதும் இறங்கிப் பார்ப்பதுமாகப் போனோம். மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கரையிலும் நின்று, “அந்தா போகுது!” என்பார். போய்ப் பார்த்தால் மிதக்கும் மரக்கட்டை, ஒரு இடத்தில் பழைய தோணி, ஒரு இடத்தில் நீந்துகிற நாய்.

ஐந்தாவதோ ஆறாவதோ பூங்காவில் கண்டோம். கரையில் சாப்பாட்டுக்கு வந்த ஒரு குடும்பம் கம்பத்தைத் தண்ணீரிலிருந்து இழுத்து, கல்லை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தது. மஞ்சள் துணி இன்னும் கட்டியபடி. தகப்பன், ஒரு கியூபெக்காரர், பலகையை உரக்க வாசித்துத் தன் மூன்று பிள்ளைகளுக்கும் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். படை இதோ இந்த மரத்தடியால் வந்ததாம், அதோ அந்தக் குப்பைத்தொட்டிப் பக்கம் திரும்பி ஓடியதாம். கடைசிப் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு குப்பைத்தொட்டியையே பார்த்தது.

நான் கிட்டப் போய், “மன்னிக்க வேண்டும், இது எங்களுடையது” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் சேற்றோடு, பட்டு வேட்டியோடு நின்ற மாமனைப் பார்த்தார். “எது? இந்த யுத்தமா?”

மாமன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டிப் பதில் சொன்னார்.

“இல்லை ஐயா. கலியாணம்.”

அந்த மனிதர் மாமனின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். கம்பத்தை வண்டியில் ஏற்றவும் உதவினார்.

முதலாளிக்குப் போன் எடுத்துக் கிடைத்துவிட்டது என்றேன். சாவியைத் திருப்பித் தரவா என்றும் கேட்டேன். “எதற்கு? நாளைக்குச் சரியான குழியில் நடு” என்றார். வைக்கப் போனவர் திரும்பவும் சொன்னார்: “நடுவதற்கு முன் எனக்குக் குழியைப் படமெடுத்து அனுப்பு.”

மறுநாள் அனுப்பினேன். ஓய்வு எடுக்கும்வரைக்கும் ஒவ்வொரு குழியையும் அனுப்பினேன். ஆகவே பிள்ளைகள், கொட்டுகிற மழையில் நின்று, வெறும் குழியை எதற்கு நாலு பக்கமும் படமெடுக்கச் சொல்கிறார்கள், எந்த விசர் போட்ட சட்டம் இது என்று போன கிழமை நீங்கள் சாப்பாட்டு அறையில் பேசிக்கொண்டீர்களாமே. அந்த விசர் நான்தான்.